எடுக்காத நாலு லட்சம்

எங்கள் வீட்டில் எப்போது வடை சுட்டாலும் கடைசியில் ஒன்று மிஞ்சும். அம்மா எண்ணித்தான் சுடுவாள். ஆனாலும் எப்படியோ ஒன்று மிஞ்சும். கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி அது தட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

"நீங்க எடுத்துக்குங்க" என்பாள் அம்மா.

"எனக்கு வேணாம், நீ சாப்பிடு" என்பார் அப்பா.

"எனக்கு எண்ணெய் ஆகாது."

"எனக்கு மட்டும் ஆகுமா?"

இப்படியே ராத்திரி பத்து மணி ஆகிவிடும். அதற்குள் எறும்புகள் வந்து பிரச்னையைச் சுமுகமாகத் தீர்த்து வைத்துவிடும்.

வடை போனால் போகட்டும். இதே நாடகத்தை இந்தத் தம்பதி 2018 ஜூலையிலிருந்து 2022 ஜூன் வரை நாலு லட்ச ரூபாயை வைத்து நடத்தினார்கள். நானும் அதே வீட்டில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பி.காம். படித்தவன் என்று வெளியில் சொல்லிக்கொள்வதை அதற்கப்புறம் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். 2008-ல், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றார். படப்பையில் சொந்த வீடு. இப்போது படப்பை என்றால் ஒரகடம் ஃபாக்டரி பஸ்களும் 'சென்னைக்கு மிக அருகில்' விளம்பரங்களும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். அப்பா மனை வாங்கிய காலத்தில் தாம்பரத்துக்கு அருகில் என்று சொல்லவே தரகர் கூச்சப்பட்டாராம்.

தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. பெயர், 'புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்'. (நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றி எழுதுவார்கள். ஒவ்வொரு தடவையும் அது 'புதிய' திட்டமாகவே இருக்கும்.) 2014-ல் வந்தபோது 2 லட்சம் வரை சிகிச்சை, பென்ஷனில் மாதம் 150 ரூபாய் பிடித்தம். 2018 ஜூலையில் அதை 4 லட்சம் ஆக்கினார்கள். பிடித்தம் 350 ஆனது.

யாருக்கு 4 லட்சம்? ஓய்வூதியர், அவருடைய மனைவி அல்லது கணவர், இரண்டு பேருக்கும் சேர்த்து. எத்தனை நாளைக்கு? நாலு வருஷத்துக்கும் சேர்த்து. இந்த இரண்டு 'சேர்த்து'களையும் தயவுசெய்து கவனியுங்கள். எங்கள் வீட்டு வில்லன்கள் இவர்கள்தான்.

ஆளுக்கு இரண்டு லட்சம் என்று கிடையாது. வருஷத்துக்கு ஒரு லட்சம் என்றும் கிடையாது. முதல் வருஷமே ஒருத்தர் முழுசையும் தீர்த்துவிட்டால், மற்றவர் மிச்ச மூன்று வருஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்க வேண்டியதுதான். பாங்க்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்தால்கூட, பணத்தை இருவரில் யாராவது எடுக்கலாமா, இல்லை இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று ஒரு பாரம் நீட்டிக் கேட்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து மளிகைக் கடை வைத்து, பங்கு எவ்வளவு என்று பேச மறந்துவிட்டால், லாபத்தில் சம பங்கு என்று 1932-ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம் சொல்கிறது. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் அரசாங்கம், 'அது அவங்க குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது' என்று நாகரிகமாக ஒதுங்கிவிட்டது.

எல்லா அரசாங்கத் திட்டமும் இப்படி இல்லை. எதிர்வீட்டு சார் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். (தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருப்பதால் எங்கள் பக்கத்தில் விறைப்பாக வாக்கிங் போகிறவர்கள் அதிகம்.) முன்னாள் படை வீரர்களுக்கு 2003-ல் வந்த இ.சி.எச்.எஸ். திட்டத்தில் இவ்வளவு ரூபாய்தான் என்ற உச்சவரம்பு இல்லை. என் சித்தப்பா மத்திய அரசு ஊழியர். அவருக்கு சி.ஜி.எச்.எஸ். சித்தப்பாவுக்கு ஒரு கார்டு, சித்திக்கு ஒரு கார்டு. ஒருத்தர் செலவு மற்றவர் கணக்கில் ஏறாது.

"அவங்களுக்கு ஆளுக்கொரு தட்டு. எங்களுக்கு ஒரே இலை" என்பார் அப்பா. சொல்லும்போது குறை சொல்கிற குரல்தான். ஆனால் 'ஒரே இலை' என்கிற இடத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்க்கும்.

ஒரே இலைக்கும் கொடுப்பினை வேண்டும் என்பதற்கு, எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற ஆயாவின் கதை இருக்கிறது. அவர்களிடம் இருப்பது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். அங்கே குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர்கள். தாத்தா பெரிய மகன் வீட்டுக் கார்டில், ஆயா சின்ன மகன் வீட்டுக் கார்டில். "நாங்க ரெண்டு பேரும் வேற வேற குடும்பம்பா" என்று சொல்லிவிட்டுப் பொக்கை வாயோடு சிரிக்கும். அறுபது வருஷத் தாம்பத்யத்தைச் சிவில் சப்ளைஸ் ஆபீஸில் ஒரு பாரத்தில் பிரித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கார்டுக்குத் திரும்புகிறேன். அது பீரோவில், எல்.ஐ.சி. பாலிசிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துப் பொட்டு வைத்து மறுபடி உள்ளே வைத்துவிடுவாள் அம்மா. அதைப் பயன்படுத்தி ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்பதையே நாங்கள் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம்.

2019-லேயே அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. காப்பியில் சர்க்கரைக்குப் பதில் ரவை விழுந்தது. "புதுசா இருக்கே" என்று அப்பா குடித்துவிட்டார். அரிசியில் கல் தங்கியது. அரிசிக் கடைக்காரரை மாற்றினோம். கடைசியில் ஒரு நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவள் இரண்டு மணி நேரம் கழித்து போன் செய்து, "வாலாஜாபாத்துல இருக்கேன்டா" என்றாள். எங்கள் ஊர், தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் போர்டைப் படிக்காமல் ஏறினால் ஒன்று கிழக்கே போவீர்கள், இல்லையென்றால் மேற்கே போவீர்கள். "டிரைவர் போர்டைத் தப்பா மாட்டியிருக்கான்" என்று சாதித்தாள்.

கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைக்கலாம், பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ரொம்ப முற்ற விடாதீர்கள் என்றார்.

"கார்டுல வரும்மா. பைசா செலவில்லை" என்றேன்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கார்டைத் தொடாத. அப்பா நெஞ்சு விஷயம் ஞாபகம் இல்லையா உனக்கு?"

நெஞ்சு விஷயம் என்பது 2016-ல் ஒரு நாள் ராத்திரி அப்பாவுக்கு வந்த வலி. ஈ.சி.ஜி. எடுத்தோம். வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். அனுப்பும்போது அந்த டாக்டர் சும்மா இருக்காமல், "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றார். அந்த 'எதுக்கும்' என்ற ஒரு வார்த்தைக்காக அம்மா நாலு லட்சத்தையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டாள். ஆஞ்சியோ, பைபாஸ் என்று டி.வி.யில் யார் பேசினாலும் அவள் உதடு அசையும். மனக் கணக்கு!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வருஷம் கொரோனா வந்தது. யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அரிசியை மட்டும் நான் களைய ஆரம்பித்தேன்.

2022 மே மாதக் கடைசியில் பென்ஷன்காரர்கள் வட்டாரத்தில் பேச்சு அடிபட்டது. ஜூன் 30-ஆம் தேதியோடு பழைய திட்டம் முடிகிறது. ஜூலை முதல் தேதி மறுபடியும் ஒரு 'புதிய' திட்டம். அப்போதுதான் எனக்குள் இருந்த வணிகவியல் பட்டதாரி கண் விழித்தான்.

"அப்பா, இந்த நாலு வருஷத்துல கார்டுல எவ்வளவு எடுத்திருக்கோம்?"

"சைபர்" என்றார் அப்பா. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் மாதிரி சொன்னார்.

"அப்ப ஜூன் முப்பதோட அந்த நாலு லட்சம் போயிடுமே?"

"எப்படிப் போகும்? புதுசுல சேர்த்துக்குவாங்க. மாசம் முன்னூத்தம்பது, நாப்பத்தெட்டு மாசம், பதினாறாயிரத்து எண்ணூறு கட்டியிருக்கேன்!"

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குப் போட்டவர், இதை பி.எஃப். மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எடுக்காமல் விட்டால் வளரும் என்று. நான் விளக்கினேன். இது குடை வாடகை மாதிரி. மழை பெய்யாவிட்டால் வாடகையைத் திருப்பித் தர மாட்டார்கள். போன வருஷத்துக் குடையை இந்த வருஷத்தில் சேர்த்து இரண்டு குடையாகவும் தர மாட்டார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்தார். எழுந்திருக்கும்போது அடி வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

அந்தக் கையை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி. அன்றைக்குத்தான் பின்னால் போனேன். கொல்லைப்புறக் கொடியில் இரண்டு வேட்டிக்கு நடுவில் மறைவாக ஒரு எலாஸ்டிக் பட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"இடுப்பு வலிக்குப் போடறது."

பட்டையைத் திருப்பினேன். ஹெர்னியா பெல்ட் என்று அச்சடித்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். படுத்தா உள்ள போயிடும். ஒண்ணும் பண்ணாது."

ஒன்றும் பண்ணாது என்பது அவர் வைத்தியம். குடல் இறங்கின இடத்தில் சிக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்று, ராத்திரியோடு ராத்திரியாக அவசர ஆபரேஷன் செய்ய வேண்டி வரும் என்பது டாக்டர்களின் வைத்தியம். இரண்டு வருஷமாக இந்த மனிதர் காஸ் சிலிண்டரை நகர்த்தாமல் என்னைக் கூப்பிட்டதும், மாடிக்குப் போகாததும், இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. 'வயசாகுது' என்று நான் பொத்தாம்பொதுவாகக் கணக்கு எழுதி வைத்திருந்தேன்.

"கார்டுலயே பண்ணியிருக்கலாமே?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். அதே தாழ்ந்த குரல்! "அம்மாவுக்கு முழங்கால் ரெண்டும் தேஞ்சிருக்கு. இன்னிக்கில்லாட்டி நாளைக்கு மாத்தணும். விசாரிச்சேன். ரெண்டு காலுக்கும் சேர்த்தா நாலு லட்சம் சரியாப் போயிடும். இதுல நான் கை வைக்கக் கூடாது."

அம்மா முழங்கால் ஆபரேஷன் வேண்டும் என்று என்றைக்கும் கேட்டதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே சாமி அறைக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கும் 2016-க்கு அப்புறம் நெஞ்சில் ஒரு சுருக்குக்கூட வந்ததில்லை. வராத பைபாஸுக்காக ஒருத்தர் கண்ணை விட்டுக்கொடுத்தார்; வேண்டாத முழங்காலுக்காக இன்னொருத்தர் குடலைக் கட்டி வைத்தார். நாலு வருஷமும் கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் நனைந்துகொண்டு, குடையை மடக்கி அடுத்தவருக்காகப் பீரோவில் வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரி திண்ணையில் வைத்து இரண்டு ரகசியத்தையும் நானே போட்டு உடைத்தேன். நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷமா வயித்துல பட்டையைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களா? பக்கத்துல படுத்திருக்கிறவ கிட்டச் சொல்லத் தோணலையா?"

"நீ மட்டும் வாலாஜாபாத் வரைக்கும் போயிட்டு வந்தியே, கண்ணு தெரியலைன்னு சொன்னியா? ரவைக் காப்பியக் குடிச்சேனே நான்!"

"அப்ப ரவைன்னு தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கார்டு என்னவோ ஒண்ணுதானே" என்றார்.

சண்டை ஓய்ந்தும் அடுத்த முட்டுக்கட்டை. முதலில் அவர் செய்துகொள்ளட்டும் என்றாள் அம்மா. முதலில் அவள் என்றார் அப்பா. மறுபடியும் வடை! அப்போதுதான் நான் படித்த படிப்பு வாழ்க்கையில் முதல் தடவையாக உதவியது. பழைய கணக்கு ஜூன் 30-ல் மூடுகிறது. அதற்குள் அப்பா ஆபரேஷன் செய்துகொண்டால், எப்படியும் காலாவதியாகப் போகிற பணத்தில் அது போகும். அம்மாவின் பங்கில் ஒரு பைசா குறையாது. அம்மா ஜூலைக்கு அப்புறம் புதுக் கணக்கில் செய்துகொள்ளட்டும். இரண்டு பேரும் ஒருத்தர் பணத்தை ஒருத்தர் தொட வேண்டியதில்லை. அப்பா ஒரு காகிதத்தில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தார். தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஜூன் மூன்றாவது வாரம் தாம்பரம் பக்கம், பட்டியலில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அனுமதிக் கடிதம் வர இரண்டு நாள் ஆனது. குடல் இறங்காமல் உள்ளே வைக்கிற வலைக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். "கட்டறேன், ரசீதுல என்னன்னு எழுதித் தருவீங்க?" என்று அப்பா கரும்பலகைக் குரலில் கேட்டார். கேட்டதும் அந்தத் தொகை மாயமாகிவிட்டது. (பென்ஷன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ரசீது கேளுங்கள்.) மொத்தச் செலவு நாற்பதாயிரத்துச் சொச்சம். நாலு லட்சத்தில் மிச்சம் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜூன் 30 நள்ளிரவில் மறைந்தது. அம்மா அன்றைக்குத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை முதல் தேதி வந்த திட்டத்தில் தொகை 5 லட்சம். மாதப் பிடித்தம் 497. அதுவும் இருவருக்கும் சேர்த்து, நாலு வருஷத்துக்கும் சேர்த்துத்தான். ஆகஸ்டில் அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டுக்குள் ஒரு ரவுண்டு வந்தாள். ஒட்டடையைப் பார்த்து என்னைத் திட்டினாள். பிறகு அப்பாவைக் கிட்டப் போய்ப் பார்த்து, "என்னங்க, தாடி இவ்வளவு நரைச்சிடுச்சா?" என்றாள்.

இடது கண்ணைச் சங்கராந்திக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சங்கராந்தி போனது. சித்திரை போனது. அடுத்த சங்கராந்தியும் போனது.

எங்கள் வீட்டு அசட்டுத்தனம் இது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2024 செப்டம்பர் 11-ஆம் தேதி, எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை என்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மறுநாள் பேப்பரில் புள்ளிவிவரம் வந்தது. பயன் பெறப் போகிறவர்கள் 6 கோடிப் பேர், நாலரைக் கோடிக் குடும்பங்கள். தொகை குடும்பத்துக்கு என்று போட்டிருந்தது. கழித்துப் பாருங்கள். சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளில் ஒரு தாத்தாவும் ஒரு பாட்டியும், நடுவில் ஒரு 5 லட்சமும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இல்லாமல் வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் இலை என்னவோ ஒன்றுதான். ஒன்றரைக் கோடி சமையலறைகளிலும் யாரோ குரலைத் தாழ்த்திக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

செய்தியை உரக்கப் படித்தேன். அப்பாவுக்கு எழுபத்து நாலு. அம்மாவுக்கு அந்த வருஷம்தான் எழுபது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"அஞ்சு லட்சம் ஆளுக்கா, ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தாம்மா."

"அப்ப சரி. அவருக்குன்னு வச்சிடலாம்" என்று மறுபடியும் கீரையில் குனிந்தாள், வலது கண்ணால் பார்த்துக்கொண்டு.

"எனக்கெதுக்கு? அவ முழங்காலுக்கு ஆகும்" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.

நான் எழுந்து போய் டைரியின் கடைசிப் பக்கத்தில் 2026 ஜூன் 30 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அப்புறம் கண் டாக்டருக்கு போன் செய்தேன்.